தாளிக்கக் கூடாத எண்ணெய்

ஏழாம் வார்டில் தேறி எழுந்த ஒச்சப்பன்
செல்லம்பட்டிக்குக் கிளம்பிய அன்று
லீவில் வந்திருந்த மகன்
ராணுவப் பையைத் துழாவி
அருள்சீலி கையில் கொடுத்தானாம்,
இருமல் மருந்து அளவில் ஒரு குப்பி.
"அக்ரூட் எண்ணெய், சிஸ்டர். காஷ்மீர்ல விசேஷம்."
எதற்கு விசேஷம் என்று கேட்க
அவளுக்கு நேரமில்லை.
அடுத்த கட்டிலில் டிரிப் தீர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் அடுப்பு என் பொறுப்பு.
பகலெல்லாம் அரசரடியில்
ஆட்டோக்களுக்கு வயர் மாட்டுவேன்.
ஆறரைக்குள் வந்து
அவள் நைட் டியூட்டிக்கு டப்பா கட்டிவிடுவேன்.
எனக்குத் தெரிந்த எண்ணெய் ஒன்றுதான்,
கீழமாசி வீதியில் மாதம் ஐந்து லிட்டர் கடலெண்ணெய்.
அப்பளம், அயிரைக் குழம்பு, ஞாயிற்றுக்கிழமைச் சுக்கா
எதில் விட்டாலும்
எவ்வளவு காய வைத்தாலும்
கோபமே வராது அதற்கு.

அந்தத் தைரியத்தில் அக்ரூட்டையும்
வாணலியில் ஊற்றினேன்.
கடுகு சும்மா கிடந்தது.
அதற்குள் புகை.
கருவேப்பிலை போட்டேன், அவரைக்காய் போட்டேன்,
தேங்காயைக் கூட இரண்டு கை அள்ளிப் போட்டேன்.

காலையில் டப்பாவைக் கழுவப் போட்டவள் கேட்டாள்:
"நேத்து பாகக்காயா?"
"அவரைக்காய்."
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.
ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் இருந்த குப்பியை எடுத்து
முட்டைக்கும் மோருக்கும் நடுவில்
பிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.
எந்த மருந்துக்குக் குளிர் வேண்டும் என்று
அவளுக்குத் தெரியும்.

கத்திரி பிறந்த முதல் ராத்திரி
அரிசி களைந்து ஏற்றும்போது
அடுப்பு நீலமாய் ஒருதரம் எட்டிப் பார்த்து
அணைந்தது.
சிலிண்டரை ஆட்டினேன். காலி.
பதிவு செய்தால் இரண்டு நாள் என்றார்கள்.
அவளுக்கு அன்று லீவு.
கடைக்குப் போகலாமா என்றேன்,
செருப்பு மாட்டவே தெம்பில்லை என்றாள்.

இருந்தது இதுதான்:
ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வெள்ளரிப் பிஞ்சு எட்டு,
மறுநாளுக்கு முளை கட்டிய பாசிப்பயறு,
பாதி மாங்காய்,
உரித்தால் கண்ணெரியும் சின்ன வெங்காயம்.
காலியான காபித்தூள் பாட்டிலில்
எலுமிச்சை பிழிந்து, உப்பும் மிளகும் போட்டு
நின்றேன்.
கடலெண்ணெய் டின்னைத் தொட்ட கையை எடுத்து
பிரிட்ஜைத் திறந்தேன்.

மூன்று மூடி எண்ணெய்.
மூடிக் குலுக்கினால்
தண்ணீரும் எண்ணெயும் சண்டையை மறந்து
சந்தனம் கரைத்த மாதிரி ஆனது.

மொட்டை மாடியில்
போன் வெளிச்சத்தில் சாப்பிட்டோம்.
வெள்ளரி கடிபடும் சத்தம்,
அதற்குப் பின்னால் மெதுவாக வந்தது அந்த ருசி,
பச்சைக் குச்சியை நகத்தால் கீறினால்
மூக்குக்கு வருமே, அது.
கொஞ்சம் துவர்ப்பு. கொஞ்சம் பால்.
"அன்னைக்கு அவரைக்காய்ல ஊத்துனது இதா?"
"ம்."
"இதைப் போயி அடுப்புல வச்சீங்களே."
திட்டவில்லை அவள். அனுதாபமாகச் சொன்னாள்.
யார் மேல் அனுதாபம் என்று தெரியவில்லை.

பேசிக்கொண்டிருந்ததில்
பாட்டிலில் எண்ணெய் மேலே ஏறி
எலுமிச்சை கீழே தங்கிவிட்டது.
அவள் எடுத்துக் குலுக்கினாள்.
இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் குலுக்கினேன்.
கிண்ணம் காலியாகும்வரை
இதே வேலையாக இருந்தோம்.

சிலிண்டர் வந்தது.
காய்ந்த கடலெண்ணெயில் அப்பளம் கைவிரித்தது.
ஒருநாள் பயறில் அதையே பச்சையாக விட்டும் பார்த்தேன்,
மோசமில்லை, கொஞ்சம் கனம்,
வறுத்த கடலை விற்பவன் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி.

குப்பியில் இன்னும் இரண்டு விரல் மிச்சம்.
கழுத்தில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி ஒட்டி
அருள்சீலி எழுதியிருக்கிறாள்:
திறந்தது சித்திரை 21.
சூடு கூடாது. குளிரில் வைக்கவும்.
ஒச்சப்பன், கட்டில் 12.